எந்த ஊருங்க? – வடசென்னையில் ஒரு சுற்று

வியாழன், பாரிமுனை

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1773 ஜனவரி 1 என்று தேதி போட்ட எல்லைத் தூண் அது. ஆறு தூண் நட்டார்களாம், மிஞ்சியது இது ஒன்றுதான்.

சென்னையின் எல்லைகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அத்தை சிரித்தாள். "எல்லைன்னா பாகிஸ்தான் பார்டர்ல இருக்கும், தண்டையார்பேட்டைல என்னடா இருக்கு?" என்றாள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன்.

தூணின் கதை இதுதான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் ஒப்பந்தப்படி அது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்தது. அப்போது கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி நம் ஆட்கள் குடியிருந்த ஊர் ஒன்று இருந்தது, வெள்ளைக்காரர்கள் கறுப்பர் நகரம் என்று எழுதிவைத்த ஊர். அந்த வீடுகளின் மறைவில் எதிரி கோட்டைக்குப் பக்கத்தில் வந்துவிடுவான் என்று பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம், திரும்பி வந்த கம்பெனிக்காரர்கள் மீதி என்று ஊரையே இடித்துத் தள்ளினார்கள். இன்று உயர்நீதிமன்றம் நிற்கிற இடம்தான் அந்தப் பழைய ஊர். ஜனங்கள் வடக்கே நகர்ந்து புது ஊர் கட்டிக்கொண்டார்கள். இந்தத் தூண்களைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்பது உத்தரவு.

இதற்கு நடுவில் ஹைதர் அலி பயம் வேறு. 1769இல் அவருடைய குதிரைப்படை பரங்கிமலை வரைக்கும் வந்துவிட்டது. புது ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள், பால் பென்ஃபீல்டு என்பவருக்குக் கான்ட்ராக்ட். கட்டிய செலவை உள்ளே இருக்கிறவர்களிடம் வரியாக வசூலிக்கலாம் என்று யோசித்தார்கள், ஆனால் அது ஒழுங்காக வசூலாகவே இல்லை. வரி போய் வால்டாக்ஸ் ரோடு மட்டும் நின்றுவிட்டது. இப்போது அது வ.உ.சி. சாலை, ஆனாலும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டை இடித்து விரட்டியதும் அவர்கள், பிறகு பாதுகாப்புக்கென்று மதில் கட்டியதும் அவர்கள், பில்லை மட்டும் நம்மிடம் நீட்டியிருக்கிறார்கள்.

சாயங்காலம் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவைப் பார்த்தேன். அந்த மதிலில் மிச்சமிருக்கிற துண்டின் மேல் 1957இல் போட்ட பூங்கா. இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். யானைகவுனி என்கிறோமே, அதுவும் இந்த மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றுதான்.

வெள்ளி, அரண்மனைக்காரன் தெரு, செகண்ட் லைன் பீச்

காலையில் ஆர்மீனியன் சர்ச். 1712இல் வேறிடத்தில் கட்டியது, இப்போதிருப்பது 1772இல் எழும்பியது. ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிற தெருவில் உள்ளே போனால் சப்போட்டா மரமும் கல்லறைக் கற்களும். அதில் ஒன்று ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. பாரசீகத்து ஷிராஸில் பிறந்தவர். 1794இல் இதே மெட்ராஸில் 'அஸ்தரார்' என்ற பத்திரிகையை அச்சடித்தார், உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை அது. அவர்களுக்கென்று அப்போது ஒரு நாடு கிடையாது, துருக்கி பாதி பாரசீகம் பாதி என்று பங்கு போட்டிருந்தார்கள். கப்பலேறி வந்து துணியும் ரத்தினமும் விற்றார்கள். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஒருவர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே சொந்தக் காசில் பாலமே கட்டிக் கொடுத்தார். யாரும் அவரை "எப்போ ஊருக்குத் திரும்பப் போறே" என்று கேட்டதாகத் தெரியவில்லை. காசு இருந்தால் கேட்க மாட்டார்கள்.

மத்தியானம் பர்மா பஜார். 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்களுக்குப் பிழைப்புக்காகக் கடற்கரை ஸ்டேஷன் வரைக்கும் ரோட்டோரமாகப் போட்டுக் கொடுத்த கடைகள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது யாராவது மெட்ராஸ் போனால் அங்கே போய் ஃபாரின் சென்ட் வாங்கிவருவார்கள், அப்புறம் சிடி காலம், இப்போது செல்போன் கவரும் சார்ஜரும்.

சாப்பாட்டுக்குச் செகண்ட் லைன் பீச் தெருவுக்குப் போய்விட வேண்டும். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள் சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு தடவையும் ஊற்றுவார்கள். முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தைத் திணித்துக் கொடுப்பது தனி ஐட்டம், அதை ஒரே வாயில் போட வேண்டும். மொய்ங்கா என்கிற பர்மா மீன்சூப் நூடுல்ஸ் கேட்டேன், தீர்ந்துவிட்டதாம்.

கடைக்காரரின் தாத்தா ரங்கூனில் மூட்டை தூக்கியவர். அங்கே போக பாஸ்போர்ட் எல்லாம் எடுத்தாரா என்று கேட்டதற்கு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது எதுக்கு சார்? டிக்கெட்டு எடுத்தா கப்பல்ல ஏறிக்க வேண்டியதுதான்." அவர் சொன்னது சரி. 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தஞ்சாவூரிலிருந்து மெட்ராஸ் வருகிற மாதிரிதான் சட்டப்படி ரங்கூனும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்க, டெல்டாவில் நெல் அறுக்க, அரிசி ஆலையில் உமி தள்ள என்று மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனார்கள். கடன் கொடுக்கச் செட்டிமார்கள் போனார்கள். 1937இல் ஒரு காலையில் இவர்கள் எல்லோரும் வெளிநாட்டில் இருந்தார்கள், இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகராமலேயே.

சனி, வியாசர்பாடி

பி.வி. காலனி. பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்த காலத்தில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். சந்துகள் குறுகல், வீடுகள் மாடி மேல் மாடி. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் டீக்கடையில் நின்றேன். கடைக்காரரே கைகாட்டி அனுப்பிவைத்தார், ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி. எட்டு வயதில் கப்பலில் வந்தவர்.

"எந்த ஊரு பாட்டி?" என்று ஆரம்பித்தேன். "எதைச் சொல்ல?" என்றார். பிறந்தது ரங்கூன் பக்கம், அப்பாவுக்கு அறந்தாங்கி, அம்மா பிறந்ததும் பர்மாவில்தான், வாக்கப்பட்டது இங்கே. அறந்தாங்கிக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், அங்கே யாருக்கும் இவர்களைத் தெரியவில்லை.

பர்மாவில் 1962இல் ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் வங்கி, ஆலை, கடைசியில் சில்லறைக் கடை வரைக்கும் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஒரு அறிவிப்பு. கடையும் போனது, பெட்டியில் இருந்த காசும் காகிதம் ஆனது. (2016 நவம்பரில் நாம் பேங்க் வாசலில் நின்றபோது இந்தப் பாட்டி என்ன நினைத்திருப்பார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.) அந்த ஆண்டிலிருந்து கப்பல் கப்பலாக மெட்ராஸுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். லட்சத்துக்கும் மேலே வந்தார்கள். "எங்கம்மா கம்மலைக் கழட்டி வாங்கிட்டான் அங்க ஆபீசர். எனக்கு அழுகை வரல, கப்பல் பார்க்கிற ஆசை" என்றார் பாட்டி.

இதற்கு முன்னாலேயே ஒரு தடவை ஓடி வந்திருக்கிறார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கப்பல் டிக்கெட் கிடைத்தவர்கள் கடல் வழி, கிடைக்காதவர்கள் காட்டு வழி. லட்சக்கணக்கானவர்கள் மணிப்பூர், அசாம் வரைக்கும் நடந்தே வந்தார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக் கிடையாது. பாட்டியின் பெரியப்பா அப்படி நடந்து வந்து சேர்ந்தவர், சண்டை முடிந்ததும் திரும்பவும் ரங்கூனுக்கே போய்விட்டாராம். எனக்கு இது புரியவே இல்லை. "அங்கதானே வேலை இருந்துச்சு" என்றார், அவ்வளவுதான்.

1964க்குப் பிறகு வந்தவர்களிலும் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. கிளம்பி இம்பால் வழியாகத் தரை மார்க்கமாக பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். தாமு என்ற ஊருக்கு முன்னால் எல்லையில் தடுத்துவிட்டார்கள். 1942இல் இவர்களுடைய அண்ணன் தம்பிகள் நடந்து வந்த அதே பாதை! முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக மனசில்லாமல் எல்லைக்கு இந்தப் பக்கம் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோபுரம் வைத்த அங்காளபரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. மணிப்பூரில் இட்லி கிடைக்கும் ஊர் என்று யூடியூபில் வேடிக்கையாகக் காட்டுவார்கள், அதன் பின்னால் இருப்பது இந்தக் கதை.

ஞாயிறு, ராயபுரம், காசிமேடு

மாமாவும் கூட வந்தார். ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. கட்டடம் இன்றும் அப்படியே நிற்கிறது, நாட்டிலேயே மிஞ்சியிருக்கிற மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம். 1873இல் சென்ட்ரல் வரும் வரைக்கும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கடலைப் பார்த்திருப்பார்கள். அதில் எத்தனை பேர், வெளிநாட்டுக் கூலிவேலைக்குக் கப்பலேற்ற ஆட்களைச் சேர்த்துவைத்த டிப்போவுக்கு நடந்தார்களோ. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது, தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்டப் போன முதல் கூட்டம். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையில் குலுங்கி, தூரத்தில் நிற்கிற கப்பலுக்குப் போக வேண்டும்.

பார்சி அக்னிக் கோயிலுக்கும் போனோம், 1910இல் கட்டியது. வேற்று மதத்தவர் உள்ளே போகக்கூடாது என்பதால் வாசலோடு சரி.

காசிமேட்டில் மாமாவுக்குத் தெரிந்த படகு ஆட்கள். கடலில் கோடு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜிபிஎஸ்ஸில் தெரியும், எஞ்சின் நின்றுவிட்டால் எந்தக் கோடும் தெரியாது என்றார் ஒருவர். 2020இல் இங்கிருந்து 9 பேர் போன படகு பழுதாகி ஐம்பது நாளுக்கு மேல் நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போய் மியான்மர் பக்கம் கிடைத்தது. மழைத்தண்ணீரும் மீனும்தான் சாப்பாடு. பர்மாவுக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் கடல் இன்னும் பழைய மாதிரியே பாதை விட்டுத்தான் வைத்திருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் நாலு பையன்கள் இந்தியில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாமா முகம் சுளித்தார். "இப்பல்லாம் எங்க பாத்தாலும் இவனுங்கதான் மாப்ள." மாமாவின் அப்பா திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து பி அண்ட் சி மில் வேலைக்கு வந்தவர். மாமாவின் பையன் ஷார்ஜாவில். நான் ஒன்றும் சொல்லவில்லை, இரவு அவர் வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

திங்கள், புழல்

காவாங்கரையில் இருக்கிற இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குள் கண்டவர்கள் போய்வர முடியாது, அனுமதி வேண்டும். வெளியே ரோட்டோர டீக்கடையில் ஒருவருடன் பேசினேன். பெயின்ட் வேலை செய்கிறவர், சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. 1991இல் தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் பிறந்தவர். பேசுவது சுத்தமான சென்னைத் தமிழ், அம்மா போன் பண்ணினால் மட்டும் "ஓம், வாறன்" என்று மாறிக்கொள்கிறார்.

அவர் இந்தியர் இல்லை. இலங்கையைப் பார்த்ததும் இல்லை. இந்த மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன்னால் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை. அதற்குப் பிறகு பிறந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அதுவும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக்கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் 2022இல் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் பாஸ்போர்ட் வாங்க வழி பிறந்தது. "எங்கண்ணன் 86, நான் 91" என்றார் இவர். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே முகாம். 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை இல்லை. 2021இல் முகாம் பலகையில் 'அகதிகள்' போய் 'மறுவாழ்வு' வந்தது. முகாமில் ஆள் எண்ணுகிற செக்கிங் அப்படியேதான் இருக்கிறது. வெளியூர் வேலைக்குப் போய் அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டும்.

அவருடைய அம்மாவழித் தாத்தா இலங்கை மலையகம், தேயிலைத் தோட்டம். அந்தத் தாத்தாவின் அப்பாவைப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள்பிடிக்கிற கங்காணி கூட்டிப்போனார். 1948இல் இலங்கை ஒரு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு இந்த எண்களில் கோபம் வருவது அந்தச் சைபர்களைப் பார்த்துத்தான். ஆட்களை எண்ணி வந்த கணக்கு இப்படி ரவுண்டாக வராது, பேரம் பேசினால்தான் வரும். மிச்ச ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரங்கூன் ஆட்கள் மெட்ராஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே வருஷம்தான் அந்த 1964 ஒப்பந்தம்.

டீக்குக் காசு கொடுக்க அவர் விடவில்லை.

செவ்வாய், அத்திப்பட்டு புதுநகர்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போனேன். இறங்கினால் சாம்பல் வாடை. ஸ்டேஷனுக்கு வெளியே இந்தியில் எழுதிய ரீசார்ஜ் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, லிட்டி என்கிற பீகார் பலகாரம் சுடுகிற தள்ளுவண்டி. வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளித் துறைமுகம், எல்லாவற்றிலும் வேலைக்கு ஆட்கள் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் பக்கத்திலிருந்து. இங்கே எண்ணூரில் 2025 செப்டம்பர் 30 அன்று கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அசாம்காரர்கள்.

லிட்டி வண்டி பக்கத்தில் ஒரு வெல்டர் பேச்சுக் கொடுத்தார். பீகார், தர்பங்கா. என் இந்தியைவிட அவருடைய தமிழ் தேவலை. "அண்ணா, எந்த ஊர்?" என்று அவர்தான் முதலில் கேட்டார். கோவில்பட்டி என்றேன். அது சென்னையா என்றார்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோய் ரயில் ஏறினார்களே, அவரும் ஏறியிருக்கிறார். அம்மா அழுததால். ஒரு மாதம் கழித்து டேக்கேதார், அதாவது கூலிக்கு ஆள் சேர்க்கிற கான்ட்ராக்டர், போன் பண்ணியதும் வந்துவிட்டார். டேக்கேதார் முன்பணம் கொடுக்கிறார், ரயில் செலவையும் போட்டுப் பிறகு கூலியில் பிடிக்கிறார். ரங்கூனுக்கு ஆள் கூட்டிப்போன மேஸ்திரிகளின் கணக்கும் இதேதான்.

2025இல் அவருக்கு இன்னொரு பயம். பீகாரில் வாக்காளர் பட்டியலைத் திருத்தினார்கள், 2003 பட்டியலில் பெயர் இருந்தால் வேறு ஆவணம் தேவையில்லை. இவருக்கு அப்போது ஏழெட்டு வயது. நல்லவேளை அப்பா பெயர் இருந்தது, அந்தப் பக்கத்தைத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். போனில் காட்டினார். இங்கே கூலி, அங்கே ஓட்டு, ரேஷன் கார்டு அம்மாவிடம்.

1979இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ் வேண்டும், இடம்பெயர்ந்ததற்குப் பாதி மாதக் கூலியோ 75 ரூபாயோ எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2020இல் போட்ட சட்டத் தொகுப்பில் அந்தப் படி காணாமல் போய்விட்டது, ஊருக்குப் போய்வரும் பயணப்படி மட்டும் மிச்சம். இதை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பயணப்படி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிரெயின் காசு கம்பெனி கொடுக்கணுமா? எங்க போய்க் கேக்கணும்?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. எந்த அலுவலகம், யாரிடம் மனு கொடுப்பது என்று விசாரித்து அனுப்புகிறேன் என்று அவர் நம்பரை வாங்கிக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், போனில் சொன்னால் போதும் என்றார். ரூமில் டேக்கேதாரின் ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறானாம்.